வாசலில் கிடந்த செருப்பும் வாதத்தில் கிடக்கும் ஓட்டையும்

அம்மம்மா திண்ணையில் இருந்தபடியே தீர்ப்புச் சொல்லிவிடுவார். "வாசலிலை செருப்புக் கிடக்கு, அவன் வந்திட்டான், தேத்தண்ணியை வை பிள்ளை." அம்மா எழும்பிப்போய்க் கேத்திலை அடுப்பில் ஏற்றுவார். அநேகமாக அம்மம்மா சொன்னது சரியாகவே இருக்கும். ஒருநாள் மட்டும் மாமா சுன்னாகத்தில் வாங்கிய புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு பின்படலையால் போயிருந்தார், பழையது வாசலிலேயே கிடந்தது, தேத்தண்ணி ஆறி ஆடை படிந்துபோனது.

அம்மம்மா சொன்ன காரணம் ஒன்று: செருப்புக் கிடக்கிறது. முடிவு ஒன்று: அவன் வீட்டில் நிற்கிறான். இரண்டுக்கும் நடுவில் அவர் சொல்லாமல் விட்டவற்றை எண்ணிப் பாருங்கள். அது மாமாவின் செருப்புத்தான். மாமா வெறுங்காலோடு வெளியே போகமாட்டார். அவரிடம் வேறு சோடி இல்லை. இந்த மூன்றில் ஒன்று பிழைத்தாலும் முடிவுக்கு ஆதாரம் இல்லை. தருக்கப் பரீட்சைகளில் "இந்த வாதம் எந்த எடுகோளில் தங்கியிருக்கிறது?" என்று கேட்பது இந்த நடுவில் கிடப்பதைத்தான்.

கேட்க லேசு. ஆனால் கெட்டிக்காரப் பிள்ளைகளே இதில் தடுமாறுவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன், அதற்கு என்னிடம் ஒரு விளக்கமும் இருக்கிறது. சொல்லாததை விளங்கிக்கொள்வதுதான் எங்கள் வளர்ப்பு. "சும்மா உந்தப் பக்கம் வந்தனான், ஒருக்கா எட்டிப் பாப்பமெண்டு" என்று ஒருவர் படலையைத் திறந்தால், கலியாணப் பேச்சா கைமாற்றா என்று அவர் கதிரையில் இருக்க முதலே வீட்டுக்குத் தெரிந்துவிடும். இடைவெளியை நாங்களே நிரப்பிவிடுகிறோம், நிரப்பினோம் என்ற நினைவுகூட இல்லாமல். பரீட்சை கேட்பதோ நிரப்பாமல் நில், ஓட்டை எங்கே இருக்கிறது என்று விரலால் தொட்டுக் காட்டு என்று. ஆகவே இதற்குப் பழக வேண்டியது ஒருவகைப் பிடிவாதம், விளங்கினாலும் விளங்காதவர் போல் "ஏன் அப்பிடி?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிற பிடிவாதம்.

இந்த வகைக் கேள்வி அரச வேலைப் போட்டிப் பரீட்சைகளின் நுண்ணறிவுத் தாள்களில் இடைக்கிடை தலைகாட்டும். வெளிநாட்டுப் பரீட்சைகளில் தலைகாட்டுவதோடு நிற்காது, குடியே இருக்கும். அமெரிக்க, கனேடியச் சட்டக் கல்லூரிகளுக்கு எழுதும் எல்சாட்டில் 2024 ஆகஸ்ட் முதல் புதிர் விளையாட்டுப் பகுதியைத் தூக்கிவிட்டார்கள், இப்போது புள்ளி கிடைக்கும் மூன்று பகுதிகளில் இரண்டு தருக்கப் பகுதிகள், ஒவ்வொன்றும் 35 நிமிடம், கிட்டத்தட்ட 25 கேள்வி, அதாவது ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிடம்கூட இல்லை. வணிக முகாமைத்துவப் பட்டமேற்படிப்புக்கு எழுதும் ஜீமாட்டின் மொழிப் பகுதி 45 நிமிடத்தில் 23 கேள்வி. லண்டனில் சட்ட நிறுவனங்கள் விண்ணப்பக்காரரை வடிகட்டப் பாவிக்கும் வாட்சன் கிளேசர் பரீட்சையின் ஐந்து பிரிவுகளில் ஒன்று முழுக்க முழுக்க எடுகோள்தான். ஊரில் இருந்துகொண்டு இவற்றுக்குப் படிக்கிறவர்கள் இப்போது நிறையப் பேர் இருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

உயர்தரத்தில் அளவையியலும் விஞ்ஞானமுறையும் எடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு எடுகூற்று, முடிவு, மத்திய பதம் எல்லாம் தண்ணிபட்ட பாடு, அது உதவும். ஆனால் வாதம் வாய்ப்பானதா, அதாவது காரணத்திலிருந்து முடிவு தப்பாமல் வருகிறதா, இல்லையா என்று பார்த்துவிட்டு "வாய்ப்பற்றது" என்று அங்கேயே பேனையை வைத்துவிடுவீர்கள். இந்தப் பரீட்சைகளில் அநேகமாக எல்லா வாதமும் ஒழுகும், அது தெரிந்த விஷயம், எந்த இடத்தால் ஒழுகுகிறது என்பதுதான் கேள்வி. இன்னொன்று, சில இந்தியப் பயிற்சிப் புத்தகங்களில் எடுகோளுக்கு "அனுமானம்" என்று போட்டிருப்பார்கள். நாங்கள் அனுமானம் என்றால் காரணத்திலிருந்து பெறுகிற முடிவு என்று படித்தவர்கள். ஒன்று வாதத்துக்கு அடியில் கிடப்பது, மற்றது வாதத்தின் முடிவில் வருவது. அந்தப் புத்தகத்தை வைத்துப் படித்தால் சொல் குழப்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் முடிவைப் பிடியுங்கள். எல்லாப் புத்தகமும் இதைத்தான் சொல்லும், ஆனால் தமிழில் வாசிக்கிறவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது, அதை ஒருவரும் சொல்வதில்லை. "ஆகவே", "எனவே" வந்தால் முடிவு பின்னால், "ஏனெனில்" வந்தால் முடிவு முன்னால், இது எல்லோருக்கும் தெரியும். தமிழில் பாதி நேரம் இந்தச் சொற்கள் தனியாக வருவதே இல்லை. ஒரு சின்ன "ஆல்" வினையின் வாலில் ஒட்டிக்கொண்டு காரணம் முழுவதையும் சுமக்கும். "கடந்த மூன்று வருடங்களாக மழை பிந்தியே பெய்துவருவதால் விதைப்பையும் பிற்போடுவதே விவசாயிகளுக்கு இலாபம்" என்ற வசனத்தில் "வருவதால்" என்பதை வேகமாகத் தாண்டினால் காரணமும் முடிவும் ஒரே செய்தியாகத் தெரியும். அந்த "ஆல்" வரும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு கீறுங்கள். கோட்டுக்கு முன் காரணம், பின் முடிவு. மொழிபெயர்த்த வினாத்தாள்களில் வசனம் ஒழுங்கை மாதிரி வளைந்து வளைந்து போகும், அங்கே இந்தக் கோடு பெரிய உதவி.

முடிவு எது என்று சந்தேகம் வந்தால் இரண்டு வசனத்தையும் எடுத்து ஒவ்வொன்றிடமும் "ஏன்?" என்று கேளுங்கள். எந்த வசனத்துக்கு மற்றது பதிலாக வருகிறதோ அதுதான் முடிவு.

முடிவைப் பிடித்த பிறகு அதிலுள்ள சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து, இது காரணத்தில் இருந்ததா என்று பாருங்கள். புதிதாக ஒரு சொல் முளைத்திருந்தால் ஓட்டை அநேகமாக அங்கேதான். ஒரு கேள்வியை நானே செய்து காட்டுகிறேன்:

"இந்த ஊர் நூலகத்தில் இரவல் எடுக்கப்படும் புத்தகங்களின் தொகை பத்து வருடத்தில் பாதியாகிவிட்டது. ஆகவே இந்த ஊரவர்கள் வாசிப்பது குறைந்துவிட்டது."

காரணத்தில் இருப்பது "இரவல்". முடிவில் இருப்பது "வாசிப்பு". வாசிப்பு என்ற சொல் எங்கிருந்து வந்தது? ஆள் மாற்றிவிட்டார். வாசகசாலையில் வந்திருந்து வாசிப்பவர்கள், போனில் வாசிப்பவர்கள், கொழும்பிலிருந்து புத்தகம் தபாலில் எடுப்பிப்பவர்கள் எல்லோரையும் அந்த ஒரு சொல் மாற்றத்தில் மறைத்துவிட்டார். ஆகவே எடுகோள்: இரவல் குறைந்தது வேறு வழி வாசிப்பால் ஈடுசெய்யப்படவில்லை. இதைப் பாலம் என்று வைத்துக்கொள்வோம், ஒரு கரையில் காரணத்தின் சொல், மறு கரையில் முடிவின் சொல்.

பழைய ஆட்கள் இதை நன்றாகவே அறிந்திருந்தார்கள். சைவசித்தாந்த வகுப்புக்குப் போனவர்களுக்கு அருத்தாபத்தி, அதாவது சொன்னதை வைத்துச் சொல்லாததைக் கொள்ளும் முறை, நினைவிருக்கும்: தேவதத்தன் பருத்திருக்கிறான், அவன் பகலில் உண்பதில்லை, ஆகவே இரவில் உண்கிறான். கேட்டவுடன் தலையாட்டுகிறோம். ஆனால் "உண்ணாமல் ஒருவன் பருத்திருக்க முடியாது" என்பதை யார் சொன்னது? நாங்கள்தான் போட்டு நிரப்பினோம். அவனுக்கு ஏதும் நோயால் உடம்பு ஊதியிருந்தால்? சிவனே என்று இருக்கிற தேவதத்தன் மேல் இரவுச் சாப்பாட்டுப் பழி.

சில வாதங்களில் புதுச் சொல் எதுவும் முளைக்காது, ஆனாலும் ஒழுகும். அங்கே எடுகோள் பாலமாக இராது, காவல்காரனாக இருக்கும், வேறு விளக்கங்கள் உள்ளே வராமல் படலையடியில் நிற்கும். உதாரணம்:

"போன மாதம் சந்தையில் சின்ன வெங்காயத்தின் விலை பாதியாக இறங்கியது. ஆகவே இம்முறை விளைச்சல் கூடியிருக்க வேண்டும்."

தோட்டம் செய்கிற எவரிடமும் இதைச் சொல்லிப் பாருங்கள், அவரே உங்களுக்கு வகுப்பெடுப்பார். இறக்குமதி வெங்காயம் வந்து குவிந்திருக்கலாம். மழைக்குப் பயந்து எல்லோரும் ஒரே கிழமையில் கிண்டி வித்திருக்கலாம். தெற்கிலிருந்து வாங்க வரும் லொறிகள் வராமல் விட்டிருக்கலாம். ஒவ்வொன்றையும் "இல்லை" என்று மறுத்தால் ஒவ்வோர் எடுகோள் கிடைக்கும்: இறக்குமதி கூடவில்லை, ஒரே நேரத்தில் கொண்டுவந்து கொட்டவில்லை, வாங்குகிறவர்கள் குறையவில்லை. கொடுத்திருக்கும் விடைகளில் இவற்றில் ஒன்றுதான் இருக்கும், அதுவும் "விலை இறங்கிய காலத்தில் வெளியிலிருந்து வந்த வெங்காயத்தின் அளவு பெரிதாக அதிகரிக்கவில்லை" என்று தலைகீழாக, மறுப்பாக, சுவையில்லாமல் எழுதியிருக்கும். பிள்ளைகள் இந்த மாதிரி விடையை "இது என்ன, சம்பந்தமில்லாமல் இறக்குமதி பற்றிக் கதைக்குது" என்று வெட்டிவிடுவார்கள். வெட்டாதீர்கள். காவல்காரன் எப்போதும் வெளியாளைப் பற்றித்தான் பேசுவான்.

"ஆகவே இதுதான் காரணம்" என்று முடிகிற வாதம் வந்தால் பாலம் தேட முதல் காவலைத் தேடுங்கள். வேறு காரணம் இல்லை, காரணமும் விளைவும் இடம் மாறவில்லை, தற்செயல் இல்லை. இந்த மூன்றுக்குள் பெரும்பாலானவை அடங்கும். ரியூட்டரி விளம்பரங்கள் இதற்கு நல்ல பயிற்சிக் களம். "எம்மிடம் படித்த 40 பேர் பல்கலைக்கழகம் நுழைந்தனர், நீங்களும் இணையுங்கள்" என்று மதில் முழுக்க ஒட்டியிருக்கிறது, சைக்கிளில் போகும்போது வாசித்துக்கொண்டே போங்கள். எத்தனை பேர் படித்ததில் 40? அந்த 40 பேரும் வேறெங்கும் படிக்கவில்லையா? (ஒரே பிள்ளையின் முகத்தை மூன்று பதாகையில் நான் பார்த்திருக்கிறேன், மூன்றிலும் அதே சிரிப்பு.) முதலே கெட்டிக்காரர்களாக இருந்தவர்கள்தான் அங்கே சேர்ந்தார்களோ? ஒரு மதிலில் ஐந்து எடுகோள் கிடக்கும்.

இனி முக்கியமான கருவிக்கு வருகிறேன், இதற்குத்தான் நேரம் செலவழிக்க வேண்டும். இரண்டு விடைகள் மிஞ்சி, எதைப் போடுவது என்று முழித்துக்கொண்டிருக்கும்போது, விடையை மறுத்துப் பாருங்கள். மறுத்த பிறகு வாதம் விழுந்தால் அதுதான் எடுகோள். மறுத்தும் வாதம் அசையாமல் நின்றால் அது எடுகோள் இல்லை, எவ்வளவு அழகாக இருந்தாலும். வாசலில் கிடக்கும் செருப்பை எடுத்துப் பாருங்கள்: "அவனிடம் வேறு சோடி இருக்கிறது" என்றவுடன் அம்மம்மாவின் வாதம் படுத்துவிடுகிறது. "அந்தச் செருப்புக் கறுப்பு நிறம் இல்லை" என்றால் ஒன்றும் நடக்கவில்லை.

இதில் தமிழில் ஒரு பொறி இருக்கிறது, நான் இதில் விழுந்து எழும்பியவன். "எல்லாரும் வந்தார்கள்" என்பதை மறுக்கச் சொன்னால் நாங்கள் உடனே "எல்லாரும் வரவில்லை" என்போம். ஊரில் அந்த வசனத்தைக் கேட்பவர் பெரும்பாலும் ஒருவரும் வரவில்லை என்றுதான் எடுப்பார். ஆனால் தருக்கத்தில் மறுப்பு அவ்வளவு பெரிதில்லை, ஒரேயொருவர் வராமல் விட்டாலே போதும். ஆகவே வினையை மறுக்காதீர்கள், வசனம் முழுவதையும் மறுங்கள்: "எல்லாரும் வந்தார்கள் என்பது சரியல்ல." அப்போது உங்களுக்கு ஒருவராவது வரவில்லை என்ற சரியான மறுப்புக் கிடைக்கும். "சிலர் வந்தார்கள்" என்பதன் மறுப்புத்தான் "ஒருவரும் வரவில்லை". "பெரும்பாலானோர்" என்றால் மறுப்பு "பாதிக்கு மேல் இல்லை". "இருக்கலாம்" என்றால் "இருக்கவே முடியாது". "மழை பெய்தால் கிணறு நிரம்பும்" என்பதன் மறுப்பு "மழை பெய்யாவிட்டால் நிரம்பாது" இல்லை, "மழை பெய்தும் நிரம்பாமல் போகலாம்" என்பது. இதை ஒரு பத்து வசனத்தில் எழுதிப் பழகிவிட்டுத்தான் கேள்விகளைத் தொடவேண்டும் என்பது என் அபிப்பிராயம், ஏனென்றால் மறுப்புப் பிழைத்தால் கருவியே பிழைத்துப்போகும், பிறகு எவ்வளவு கவனமாக வாசித்தும் பிரயோசனம் இல்லை.

அதோடு சேர்த்து "தான்", "மட்டும்", "உம்", "ஆவது" என்ற குட்டிகளையும் கவனியுங்கள். மாம்பழத்தில் "கறுத்தக்கொழும்பானும் இனிக்கும்" என்றால் ஒருவருக்கும் கோபம் வராது. "கறுத்தக்கொழும்பான் மட்டும்தான் இனிக்கும்" என்றால் அம்பலவி நட்டு வைத்திருப்பவர் சண்டைக்கு வருவார். விடைகளில் "மட்டும்", "ஒரேயொரு", "எப்போதும்" வந்தால் அவற்றை முதலில் சந்தேகியுங்கள், வாதத்துக்கு அவ்வளவு பெரிய கூற்றுத் தேவைப்படுவது அபூர்வம். ஆனால் வாதத்தின் முடிவே "மட்டும்" என்று பேசினால் விடையிலும் அது வரத்தான் வேண்டும், கண்ணை மூடிக்கொண்டு வெட்டக்கூடாது.

இப்போது கேள்வியின் கடைசி வரி. "வாதம் தங்கியிருக்கும் எடுகோள் எது?" என்பதும் "பின்வருவனவற்றுள் எது உண்மையானால் முடிவு நிச்சயமாகப் பெறப்படும்?" என்பதும் ஒன்று போலத் தெரியும், இரண்டும் வேறு சாதி. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை நினைத்துக்கொள்ளுங்கள். ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றாமல் உள்ளே போக முடியாது. ஆகவே உள்ளே போக அது கட்டாயம். அதற்காகச் சட்டையைக் கழற்றிவிட்டால் கோயில் திறந்துவிடுமா? பூசை முடிந்து கதவு சாத்தியிருந்தால் வெறும் மேலோடு தெருவில் நிற்க வேண்டியதுதான். முதல் வகைக் கேள்வி சட்டையைக் கேட்கிறது, இல்லாவிட்டால் சரிவராத ஒன்று. இரண்டாம் வகை, கிடைத்தவுடன் முடிவைக் கையில் தந்துவிடும் ஒன்றைக் கேட்கிறது. மறுத்துப் பார்க்கும் முறை முதல் வகைக்கு மட்டுமே. இரண்டாவதில் விடையைக் காரணத்தோடு கூட்டிப் பார்க்க வேண்டும், கூட்டியவுடன் முடிவு தப்பாமல் வருகிறதா என்று. அங்கே பெரிய, பலமான, "எப்போதும்" என்று முழங்குகிற விடைதான் பெரும்பாலும் சரி. மேலே நான் சொன்ன சந்தேகத்தை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

என் கதை ஒன்று. பல வருடத்துக்கு முன் ஒரு வேலைக்காக எழுதிய பரீட்சையில் கிட்டத்தட்ட இப்படி ஒரு கேள்வி: ஒரு கிராமத்துக்குக் குழாய் நீர் வந்தது, அதன் பிறகு வயிற்றோட்டம் குறைந்தது, ஆகவே குழாய் நீர்தான் காரணம். விடைகளில் ஒன்று, தோட்டங்களுக்குப் போடும் உரம் நிலத்தடி நீரில் கலக்கிறது என்று இருந்தது. எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் அடியில் சுண்ணாம்புக்கல், போட்ட உரம் மழையோடு கிணற்றுக்குள் இறங்குவதும் நைத்திரேற்றுக் கூடுவதும் எங்களுக்குப் பாடம் இல்லை, வீட்டுப் பிரச்சினை. கண்ணை மூடிக்கொண்டு அதைப் போட்டேன். பிழை. வாதத்துக்கு அது தேவையே இல்லை, உரம் கலக்கவில்லை என்று மறுத்துப் பார்த்தாலும் கிணற்றில் கிருமி இருந்து குழாய் நீர் நோயைக் குறைத்திருக்கலாம். சரியான விடை சப்பென்று இருந்தது: அந்தக் கிராமத்தவர்கள் குழாய் நீரைக் குடித்தார்கள். பரீட்சை முடிந்து வீட்டுக்கு வந்தால் அம்மா குழாயில் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறார், குடிக்கக் கிணற்றில் அள்ளி வைத்திருக்கிறார், ருசி காணாதாம். வீட்டிலேயே விடை இருந்திருக்கிறது.

ஆகவே உண்மையான விடை என்பதும் தேவையான விடை என்பதும் வேறு. உங்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் பற்றிக் கேள்வி வந்தால் கூடுதலாகப் பயப்படுங்கள். ஆசிரியர்கள் பாடசாலை பற்றிய கேள்வியில் பிழைவிடுவார்கள், தாதிமார் ஆசுப்பத்திரி பற்றியதில்.

அறிவித்தல் வகைக் கேள்விகள் கொஞ்சம் வேறு மாதிரி. ஒரு கூற்றைக் கொடுத்து, கீழே இரண்டு மூன்று எடுகோளைக் கொடுத்து, எது உள்ளடங்கியிருக்கிறது என்று கேட்பார்கள். "பயணிகள் மிகுதிப் பணத்தை இறங்க முதல் கேட்டுப் பெற்றுக்கொள்ளவும்" என்று பஸ்ஸில் எழுதியிருக்கிறது. எடுகோள் ஒன்று: சில பயணிகள் மிகுதியை வாங்காமல் இறங்கிவிடக்கூடும். எடுகோள் இரண்டு: நடத்துனர்கள் மிகுதியைக் கொடுக்காமல் ஏமாற்றுகிறார்கள். முதலாவது உள்ளே இருக்கிறது, அப்படி ஒருவரும் இறங்காவிட்டால் ஏன் எழுதுகிறார்கள்? இரண்டாவது எங்கள் வயிற்றெரிச்சல், எழுதியவர் தலையில் அது இருக்கத் தேவையில்லை, சனநெரிசலில் மறந்துபோவதற்காகவும் எழுதலாம். அறிவித்தல், வேண்டுகோள், விளம்பரம் எதுவானாலும் அதைச் செய்தவர் இரண்டு விஷயத்தை நம்புகிறார்: சொல்லாவிட்டால் நடக்காமல் போகலாம், சொன்னால் சிலராவது கேட்பார்கள். அதற்கு மேல் அவருடைய நோக்கத்துக்குள் நுழையாதீர்கள். வாட்சன் கிளேசரிலும் இதே கதைதான், ஒவ்வொன்றுக்கும் எடுத்துக்கொள்ளப்பட்டதா இல்லையா என்று தனித்தனியே சொல்ல வேண்டும், ஒன்றின் விடையை வைத்து அடுத்ததை ஊகிக்கக் கூடாது.

ஒரு முழுக் கேள்வி செய்வோம். போன கிழமை என் சித்தியின் மகனோடு இருந்து செய்தது.

"ஓர் ஒழுங்கைக்கு வீதி விளக்குப் பூட்டிய பிறகு அங்கிருந்து பொலிசுக்குப் போன களவு முறைப்பாடுகள் பாதியாகக் குறைந்தன. ஆகவே விளக்குகள் அந்த ஒழுங்கையில் களவைக் குறைத்துள்ளன." வாதம் எதில் தங்கியிருக்கிறது? அ) விளக்குப் பூட்டினால் எந்த ஒழுங்கையிலும் களவு குறையும். ஆ) களவு கொடுத்தவர்கள் முறைப்பாடு செய்யும் வழக்கம் அந்தக் காலத்தில் பெரிதாகக் குறைந்துவிடவில்லை. இ) கள்ளரைத் தடுக்க வெளிச்சம்தான் ஒரேயொரு வழி. ஈ) விளக்குக்கான செலவு, களவு போகும் பொருட்களின் பெறுமதியை விடக் குறைவு. உ) ஒழுங்கையில் இருப்பவர்கள் விளக்கு வேண்டுமென்று கேட்டிருந்தார்கள்.

தம்பி உடனே அ என்றான். "ஏனடா?" "விளக்குப் பூட்டினா களவு குறையும் எண்டுதானே அண்ணை சொல்லுறாங்கள்." "எந்த ஒழுங்கையிலை?" கொஞ்சம் யோசித்தான். "அந்த ஒழுங்கையிலை." "அப்ப மற்ற ஒழுங்கையளிலை குறையாட்டி இந்த ஆளுக்கு என்ன நட்டம்?" ஒன்றுமில்லை. அ போய்விட்டது, ஊரளவு பெரிய கூற்று, தேவை ஒரு ஒழுங்கையளவு. அடுத்து இ-யைப் பிடித்தான். மறுத்துப் பார்க்கச் சொன்னேன்: வெளிச்சம் ஒரேயொரு வழி இல்லை, நாய் வளர்த்தாலும் கள்ளர் வரமாட்டார்கள். அதனால் விளக்கு களவைக் குறைக்கவில்லை என்று ஆகுமா? ஆகாது. ஈ நல்ல கேள்விதான், ஆனால் அது விளக்குப் பூட்டுவது இலாபமா என்ற வேறொரு வாதத்தின் சாமான். உ வெறும் செய்தி.

மிஞ்சியது ஆ. காரணத்தில் "முறைப்பாடு", முடிவில் "களவு", அந்தச் சொல் மாற்றத்தை அவன் கவனிக்கவே இல்லை, எங்களில் பலரும் கவனிக்கமாட்டோம். மறுத்துப் பாருங்கள்: முறைப்பாடு செய்யும் வழக்கம் பெரிதாகக் குறைந்துவிட்டது. சனம் "போய் என்ன பிரயோசனம்" என்று பேசாமல் இருந்துவிட்டது. அப்படியானால் முறைப்பாடு குறைந்ததை வைத்துக் களவு குறைந்தது என்று சொல்ல முடியாது. இந்த இடத்தில் அவன் ஒரு நல்ல கேள்வி கேட்டான்: "அண்ணை, அப்பிடி இருந்தாலும் விளக்காலை களவு உண்மையிலேயே குறைஞ்சிருக்கலாம்தானே?" இருக்கலாம். மறுத்தவுடன் முடிவு பொய்யாக வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. சொன்ன காரணம் அந்த முடிவைத் தாங்க முடியாமல் போனாலே போதும். மாமா வேறு சோடி போட்டுக்கொண்டு போகாமல் வீட்டுக்குள் நித்திரையாகவும் கிடக்கலாம், ஆனால் செருப்பை வைத்து அதைச் சொல்ல இயலாது, அவ்வளவுதான்.

பயிற்சிக்குப் பெரிய புத்தகம் தேவையில்லை, முதல் இரண்டு கிழமைக்குக் கேள்விக் கட்டையும் தொடாதீர்கள் என்றுதான் சொல்வேன். பத்திரிகையின் ஆசிரியர் தலையங்கம் ஒன்றை எடுத்து ஒரு நாளைக்கு ஒரு வாதத்தைப் பிரித்துக் கொப்பியில் எழுதுங்கள்: காரணம் ஒரு வரி, முடிவு ஒரு வரி, நடுவில் வெற்று வரி. அந்த வெற்று வரியை விடைகளைப் பார்க்காமல் நீங்களே நிரப்பப் பழகுங்கள். விடைகளைப் பார்த்துத் தெரிவுசெய்வது ஒரு திறமை, பார்க்காமல் ஊகிப்பது இன்னொரு திறமை, இரண்டாவது வந்துவிட்டால் முதலாவதுக்கு நேரம் மிச்சம். அதன் பிறகு கேள்விகளை நேரம் வைக்காமல் செய்து, பிழைத்த ஒவ்வொன்றுக்கும் சரியான விடையின் மறுப்பை எழுதிப் பாருங்கள். நேரம் வைத்துச் செய்வது கடைசி மாதத்துக்குப் போதும். பரீட்சையில் ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடம் போய்விட்டால் மிஞ்சியதில் சிறிய கூற்றாகப் பார்த்துப் போட்டுவிட்டு நகருங்கள்.

வீட்டில் மட்டும் இதைச் செய்துகாட்ட வேண்டாம். பெரியம்மா ஒருநாள் "உவளின்ரை மோள் வெள்ளவத்தையிலை வீடு வாங்கீட்டாள், நல்ல உழைப்பு" என்றபோது நான் எடுகோளை எடுத்துச் சொல்லப்போய், அவர் இன்றைக்கும் என்னோடு அளந்துதான் கதைக்கிறார்.

கடைசியாக நீங்களே செய்ய ஒன்று. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் மாம்பழம் விற்கிற அம்மா போன வருடம் என்னிடம் சொன்னது: "தம்பி, மணத்தைப் பாருங்கோ, இது மரத்திலையே பழுத்தது." காரணம், முடிவு, நடு வரி. மூன்றையும் எழுதி, நடு வரியை மறுத்துப் பாருங்கள். நான் நடு வரியை யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர் இரண்டு கிலோ நிறுத்துப் பையில் போட்டுவிட்டார்.